கிட்டங்கியில் உட்கார்ந்தவர்கள்

கத்தரிக்காயை நாலாக வகுந்து, கறுத்துப் போகாமல் இருக்கத் தண்ணீர்ச் சட்டியில் போட்டுக்கொண்டிருந்தாள் சந்தனமாரி. ஒரு காலை மடித்து ஒரு காலை நீட்டி அருவாமனைப் பலகையில் அவள் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தால், காலையில் வந்தவள், வேலை முடிந்ததும் சேலையை உதறிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவாள் என்றுதான் யாரும் நினைப்பார்கள், சங்குத்தோப்பு ஊரே அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தது. ஆனால் அவளால் எழுந்திருக்க முடியவில்லை. உப்புச் சாக்கு அடுக்குகிற கிட்டங்கியின் நடுவே மேசையைச் சுற்றி நாற்காலிகளோடு ஒட்டிப்போய் உட்கார்ந்திருந்த மூன்று பேரைப் போலவே மூலையில் அவளும் பலகையோடு ஒட்டிப்போயிருந்தாள், அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

மூன்று பேர் ஒட்டிக்கொண்டது மட்டும் நாலு ஊருக்குத் தெரியும்.

மெட்ராஸில் ஆட்சி கவிழ்ந்தபோது நடந்தது அது. பழைய மந்திரிகள் வீட்டுக்குப் போய்விட்டார்கள், புது மந்திரிகள் யார் என்று தெரியவில்லை, அரசாங்க ஆபீசுகளில் சுவரில் மாட்டியிருந்த படத்தைக் கழற்றிவிட்டு அடுத்த படத்துக்காக ஆணியை மட்டும் விட்டு வைத்திருந்தார்கள். சங்குத்தோப்பு உப்பளத்திலோ ஆட்சி கவிழ்வதற்கு முன்பே வேலை நின்றிருந்தது. கூலி உயர்வு, கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி, காலுக்கு ரப்பர் செருப்பு, மழைக்காலப் படி என்று ஏழு கோரிக்கையைச் சங்கம் வைத்திருந்தது, ஏழில் ஒன்றுக்கும் முதலாளிமார் இறங்கி வரவில்லை. வாரி எடுத்த உப்பு அம்பாரம் அம்பாரமாக வெள்ளைக் கோயில்கள் மாதிரி திறந்து கிடந்தது, மூட ஆளில்லை, ஐப்பசி வானம் கடலுக்கு மேலே கறுத்துக்கொண்டு வந்தது. மழை முந்திக்கொண்டால் முதலாளிக்கு உப்பு போகும், உப்பு போனால் அடுத்த வருஷம் அளம் போகும், அளம் போனால் ஊர் போகும்.

அதனால்தான் மூன்று தரப்பும் பேச உட்கார்ந்தார்கள். முதலாளிகளுக்காகப் பெரிய அளத்து வெயிலுகந்தநாதன் வந்தார். சங்கத்துக்காகத் தலைவர் மரியதாசன் வந்தார், ஊருக்கு அவர் தாசன் அண்ணாச்சி. அரசாங்கத்துக்காக லேபர் ஆபீசர் திருஞானம் வந்தார், மாயவரத்துப் பக்கத்துக்காரர், சட்டைப் பையில் எப்போதும் பிரஷர் மாத்திரை வைத்திருப்பவர்.

"நான் அரசு சார்பா வந்திருக்கேன்" என்று அவர் தொடங்கினார்.

"எந்த அரசு சார்?" என்று கேட்டார் தாசன் அண்ணாச்சி.

"அது வந்ததும் சொல்றேன்" என்றார் ஆபீசர்.

முதலாளி வீட்டுச் சாப்பாட்டைச் சங்கத்துக்காரர் தொடமாட்டார், சங்கத்துப் பொங்கலை முதலாளி தொடமாட்டார், ஆபீசரோ யார் சாப்பாட்டைச் சாப்பிட்டாலும் நாளைக்குப் பெட்டிஷன் போவது நிச்சயம் என்று பயந்தார். பொதுவாக ஒரு பெண்ணை வைத்துச் சோறாக்கலாம் என்பது ஒன்றில்தான் மூன்று பேரும் முதலில் ஒத்துப்போனார்கள். யாரை வைப்பது என்று வந்தபோது, "எசக்கிராஜ் பொண்டாட்டிய வைங்க, அந்தப் பிள்ளைக்கு வாயே கிடையாது, உள்ள பேசுனது ஒரு சொல்லு வெளிய போகாது" என்றார்கள். அப்படித்தான் சந்தனமாரி கைக்குழந்தையும் அருவாமனையுமாக வந்து மூலையில் உட்கார்ந்தாள்.

முதல் நாள் சாயங்காலம் பேச்சு முறிந்தது. முதலாளி மேசையில் அறைந்துவிட்டு எழுந்தார், எழ வரவில்லை. தாசன் அண்ணாச்சி துண்டை உதறிக்கொண்டு எழுந்தார், அவருக்கும் வரவில்லை. நாற்காலி உடம்போடு, தரை நாற்காலியோடு, பூமி தரையோடு என்று ஒரே பிடியாகப் பிடித்திருந்தது. சங்கத்துப் பையன்கள் நாலு பேர் அக்குளில் கை கொடுத்துத் தூக்கினார்கள். தச்சாசாரி நாற்காலிக் காலை அறுக்கப் பார்த்தார், ரம்பத்தின் பல்தான் மழுங்கியது. வேட்டியை விட்டுவிட்டு ஆளை மட்டும் உருவலாம் என்று யாரோ சொல்ல, முதலாளி முறைத்த முறைப்பில் அந்த யோசனை அங்கேயே செத்தது. பசி வந்தது, தூக்கம் வந்தது, வெளியே போகிற தேவை மட்டும் வரவில்லை, அதை நாற்காலி பார்த்துக்கொண்டது. பேச்சு முடிந்தால்தான் பிடி விடும் என்று ஊர் சொல்லிக்கொண்டது.

அன்றைக்கு எல்லோரும் போன பிறகு சந்தனமாரியும் எழுந்து பார்த்தாள். பலகை விடவில்லை. சொல்லலாம் என்று வாயைத் திறந்தாள், சோறாக்க வந்தவளை எது பிடித்து வைத்தது, அவளுக்கும் ஒரு வழக்கா என்று சிரிப்பார்கள் என்று தோன்றியது, வாயை மூடிக்கொண்டாள். அடுப்பு கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது, தண்ணீரும் விறகும் பக்கத்து வீட்டு அன்னபாக்கியம் கொண்டுவந்து வைத்தாள். அருவாமனையில் உட்கார்ந்த பெண் எழுந்திருக்கவில்லை என்பது யார் கண்ணில் படப் போகிறது?

எசக்கிராஜ் மட்டும் ஒரு நாள் வந்து நின்றான். "வீட்டுப் பக்கமே காணோம், முதலாளி வீட்டுச் சம்பந்தம் பேசியாச்சோ?" என்றான்.

அவள் தலையைக் குனிந்துகொண்டு பூண்டை உரித்தாள். அவன் பிள்ளையைக் கொஞ்சிவிட்டுப் போனான்.

ஊர் முதலில் கூட்டமாக வந்து வேடிக்கை பார்த்தது, பிறகு வேடிக்கை பார்க்க வருகிறவர்களுக்கு ஐஸ் விற்க ஒருவர் வந்தார், பிறகு வேடிக்கை முடிந்து வேலை தொடங்கியது. சலூன்காரர் வந்து ஒரே கிண்ணத்துச் சோப்பில் மூன்று பேருக்கும் முகம் மழித்தார். முதலாளி மகளுக்கு நிச்சயம் குறித்த நாள் வந்தது, நாளைத் தள்ளிப்போட மனசில்லாமல் மாப்பிள்ளை வீட்டார் தாம்பாளமும் பழமுமாகக் கிட்டங்கிக்கே வந்து உப்புச் சாக்கு மேல் ஜமுக்காளம் விரித்து உட்கார்ந்தார்கள். ஒதுங்க இடமில்லாததால் தாசன் அண்ணாச்சியும் தாம்பூலம் வாங்கிக்கொள்ள வேண்டியதாயிற்று. "முதலாளி, லட்டு நல்லாருக்கு, உங்க கூலிதான் புளிக்கி" என்று அவர் சொல்ல, மாப்பிள்ளையின் தாய்மாமன் சிரித்தார், முதலாளி சிரிக்கவில்லை.

ஆபீசர் மனைவி மாயவரத்திலிருந்து பஸ் ஏறி வந்து, கணவரைப் பார்த்து அழுதாள். "ரிட்டயர் ஆற வரைக்கும் உங்க நாற்காலி நிலைக்கணும்னுதானே வேண்டிண்டேன், இப்படி நிலைக்கணும்னா வேண்டிண்டேன்?"

தாலுகா ஆபீசில் யாரும் பேனாவைத் தொடவில்லை, இன்றைக்குப் போடுகிற கையெழுத்து நாளைக்கு யாருக்குப் பிடிக்காமல் போகுமோ என்று எல்லா அதிகாரிகளும் லீவில் இருந்தார்கள். உட்கார்ந்த இடத்தில் இருக்கிற ஒரே அதிகாரி கிட்டங்கி அதிகாரிதான் என்று தெரிந்ததும் பட்டா, முதியோர் பணம், சாதிச் சான்று என்று சுற்றுவட்டமே அவர் முன்னால் வரிசை கட்டியது.

"எனக்கு அந்த அதிகாரமே இல்லம்மா" என்று அவர் கும்பிட்டார்.

"இருக்கியளே சார், அது போதும்" என்றாள் வரிசையில் முதலில் நின்றவள்.

இப்படி ஊர் பழகிக்கொண்டது. ஆனால் மேசை பழகவில்லை. முதலாளியின் கணக்குப்பிள்ளை செல்போனோடு வந்து காதில் கிசுகிசுப்பார், "மெட்ராஸ்ல நம்ம ஆளுங்கதான் வாராங்களாம்," உடனே முதலாளியின் குரல் ஏறும், நேற்று ஒத்துக்கொண்ட கறுப்புக் கண்ணாடியை இன்றைக்கு இல்லை என்பார். மத்தியானம் சங்கத்துப் பையன் வந்து அண்ணாச்சி காதில் வேறு சேதி சொல்வான், அண்ணாச்சியின் குரல் ஏறும், நேற்று குறைத்துக்கொண்ட கூலியை மறுபடி கூட்டுவார். மெட்ராஸிலிருந்து ஒரு காற்று அடித்தால் மேசை ஒரு பக்கம் சாய்ந்தது, மறு காற்று அடித்தால் மறு பக்கம் சாய்ந்தது. நடுவில் உட்கார்ந்த ஆபீசர் எந்தப் பக்கமும் சாயாமல் மாத்திரை போட்டுக்கொண்டார். வெளியே வாசலின் இந்தப் பக்கம் சங்கத்து ஆட்கள், அந்தப் பக்கம் முதலாளி கொண்டுவந்து இறக்கிய வெளியூர் ஆட்கள், ஆரம்பத்தில் வெறுங்கையோடு நின்றவர்கள் போகப் போகக் கம்போடு நின்றார்கள். இடையில் நின்ற போலீஸ்காரர்கள் யார் உத்தரவுக்குக் காத்திருக்கிறோம் என்று தெரியாமல் காத்திருந்தார்கள்.

இவ்வளவையும் கேட்டுக்கொண்டு சந்தனமாரி வெங்காயம் உரித்தாள், புளி கரைத்தாள், பிள்ளைக்குப் பால் கொடுத்தாள். அவள் காது மேசையில்தான் இருந்தது, ஏழாவது கோரிக்கை எப்போது வரும் என்று காத்திருந்தது.

ஏழாவது கோரிக்கை பிள்ளைக் கொட்டகை. அளத்தில் ஒரு மரம் கிடையாது, கண்ணுக்கெட்டும் மட்டும் பாத்தியும் வெயிலும்தான். பாத்தியில் இறங்குகிற பெண்கள் கைப்பிள்ளைகளை உப்பு ஏற்ற நிற்கிற லாரியின் நிழலில் துணி விரித்துப் போடுவார்கள். போன கோடையில் ஒரு நாள், சந்தனமாரியின் மகள் கனிஷ்கா நிழலில் கிடந்தபோது, டிரைவர் பார்க்காமல் லாரியைப் பின்னால் எடுத்தான். சந்தனமாரி பாத்தியில் முழங்கால் உப்புநீரில் நின்று அதைப் பார்த்தாள். கத்த வேண்டும், குரல் வரவில்லை. பிறந்ததிலிருந்து சத்தம் போட்டுப் பழகாத தொண்டை அன்றைக்கும் பழக்கப்படி அடைத்துக்கொண்டது. கையிலிருந்த வாருபலகையைச் சுழற்றி எறிந்தாள், அது லாரிக் கண்ணாடியில் போய் விழுந்தது, வண்டி நின்றது. டயருக்கும் பிள்ளைக்கும் இடையில் ஒரு சாண் இருந்தது. பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தது. அதற்குப் பிறகு பெண்கள் எல்லோரும் சங்கத்தில் போய் நின்றார்கள், அண்ணாச்சி ஏழாவதாகச் சேர்த்துக்கொண்டார். மழை முடிந்து அளம் திறந்தால் கனிஷ்கா மறுபடி அந்த லாரி நிழலுக்குத்தான் போக வேண்டும். இப்போது தவழ வேறு தொடங்கிவிட்டாள்.

ஒரு முற்பகலில் காற்று திரும்பியது. வாடை வீசியது, கடலுக்கு மேல் மின்னல் ஓடியது, கணக்குப்பிள்ளை காதில் சொல்ல வந்ததை முதலாளி கையை ஆட்டி நிறுத்தினார். "மெட்ராஸ் கெடக்கட்டும், மழை வருது" என்றார். இத்தனை நாள் நகராதது ஒரு சமையல் நேரத்தில் நகர்ந்தது. கூலி ஒரு நடுவில் வந்து நின்றது, கண்ணாடிக்கும் செருப்புக்கும் சரி, படிக்குச் சரி, ஆறாவது வரைக்கும் சரி.

"அந்த ஏழாவது முடியாது" என்றார் முதலாளி. "அளம் அரசாங்கத்துக் குத்தகை நிலம், கட்டடம் கட்ட அனுமதி வேணும். அதோட, இன்னைக்குக் கொட்டகை போட்டா நாளைக்கு அதக் காட்டி நாங்க நிரந்தரத் தொழிலாளின்னு வருவிய."

ஆபீசர் பேனா மூடியைக் கடித்தார். "அனுமதி கொடுக்கணும்னா அரசு இருக்கணும்."

தாசன் அண்ணாச்சி மூலைப் பக்கம் ஒரு தடவை பார்த்தார், உடனே வேறு பக்கம் பார்த்தார். "சரி, அத அடுத்த பேச்சுல பாத்துக்கிடலாம்."

சந்தனமாரியின் கையிலிருந்த கத்தரிக்காய் இரண்டாக விழுந்தது, நாலாக வகுக்க அவளுக்குக் கை ஓடவில்லை.

கையெழுத்தானது. வெளியே வேட்டுப் போட்டார்கள், மேளக்காரர்கள் வந்தார்கள், மூன்று மாலை வந்தது. மூன்று பேரும் ஒருவருக்கொருவர் கைகொடுத்துவிட்டுச் சிரித்துக்கொண்டே எழுந்தார்கள்.

எழ வரவில்லை.

மேளம் ஒவ்வொன்றாக நின்றது. மறுபடி முயன்றார்கள், மாலைதான் கழுத்தில் ஆடியது. முதலில் முதலாளி திரும்பினார்.

"மனசுல ஒண்ண வச்சிக்கிட்டு வெளிய ஒண்ணு எழுதியிருக்கீரு, தாசன். இல்லன்னா ஏன் விடல?"

"யாரு, நானா? உப்ப மூடுனதும் கையெழுத்த மறந்துரலாம்னு இருக்கது நீரு வே!"

"சார், நீங்க ஏதும்…" என்று இருவரும் ஆபீசரைப் பார்க்க, "என் மனசுல ஒண்ணுமே இல்ல சார், சத்தியமா காலியா இருக்கு" என்று அவர் அழுகிற குரலில் சொன்னார்.

உள்ளே கேட்ட சத்தம் வாசலுக்குப் போனபோது இரண்டு மடங்காகிவிட்டது. துரோகி என்று ஒரு பக்கம், கூலிப்படை என்று மறு பக்கம், முதல் கல் தகரக் கூரையில் விழுந்தது. கம்பு உயர்ந்தது. சங்கத்துக் கூட்டத்தின் முன்வரிசையில் எசக்கிராஜ் சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு நிற்பது சந்தனமாரிக்குத் தெரிந்தது. வேடிக்கை காட்டத் தூக்கிப் போயிருந்த கனிஷ்காவை இடுப்பில் இடுக்கிக்கொண்டு அன்னபாக்கியம் உள்ளே ஓடி வந்தாள்.

"ஏட்டி, கல்லெறி விழுது, எந்திரி, பின்வாசல் வழியா ஓடிரலாம்!"

சந்தனமாரி அவளை நிமிர்ந்து பார்த்தாள்.

"என்னட்டி கல்லு மாதிரி இருக்க? எந்திரின்னா!" அன்னபாக்கியம் ஒரு கையால் அவள் தோளைப் பிடித்து இழுத்தாள். பிறகு நின்றாள். பிறகு பலகையைக் காலால் தள்ளிப் பார்த்தாள். ஒரு கையில் தூக்கிவிடுகிற அருவாமனை மலை மாதிரி இருந்தது.

"எப்ப இருந்து?"

"மொத நாள்ல இருந்து, மைனி."

"மொத நாள்ல இருந்தா! பாவி, வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருந்த?" என்று கத்தியவள், அப்படியே வாசலுக்குத் திரும்பிக் கத்தினாள். "ஏ, கம்பக் கீழ போடுங்கல! இங்க நாலாவதா ஒருத்தி ஒட்டிக்கிட்டு இருக்கா!"

அவள் குரல் கம்பைவிட நீளம். வாசல் அமைதியானது. எசக்கிராஜ் கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே வந்து மனைவியையும் பலகையையும் பார்த்தான்.

"அவ சோறாக்க வந்தவ" என்றார் முதலாளி.

"வந்தது சோறாக்கத்தான்" என்றாள் அன்னபாக்கியம். "உக்காந்தது உங்க கூடத்தான?"

ஆபீசர் மெள்ளக் கேட்டார். "உனக்கு என்னம்மா வேணும்?"

கிட்டங்கி நிறைய ஆண்கள் அவளைப் பார்த்தார்கள். சந்தனமாரி தண்ணீர்ச் சட்டியைத் தன் பக்கம் இழுத்து வைத்தாள். கூரைமேல் பெரிய பெரிய துளியாக நாலைந்து விழுந்தது, இந்தத் தடவை கல் இல்லை, மழை.

"அவளுக்கு ஒண்ணும் வேண்டாம் சார், சரின்னு சொல்லச் சொல்லுங்க, உப்பு கரையுது!" என்று பின்னாலிருந்து ஒருவன் கத்தினான். "சரின்னு சொல்லு தாயி!" என்று வெளியூர் ஆட்களும் கத்தினார்கள், அதுவரை அடித்துக்கொள்ள நின்ற இரண்டு கூட்டமும் இப்போது ஒரே கூட்டமாக அவளைப் பார்த்துக் கத்தியது. எசக்கிராஜ் அவள் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்தான். "சரின்னு சொல்லேன்ட்டி. நம்ம பொழப்பும் அதுலதான் இருக்கு."

"சரி" என்றாள் அவள்.

மூன்று பேரும் எழப் பார்த்தார்கள். நாற்காலி விடவில்லை.

வாயால் சொன்ன சரியை நாற்காலி வாங்கிக்கொள்ளாது என்பது அப்போது எல்லோருக்கும் விளங்கியது. யாரும் மறுபடி கத்தவில்லை. தாசன் அண்ணாச்சி கழுத்து மாலையைக் கழற்றி மேசையில் வைத்தார். "ஏழாவது, சார். நான்தான் விட்டுக் கொடுத்தேன். என் பிள்ளை பெரியவனாயிட்டான், அதான் லேசா விட்டுட்டேன்" என்றார்.

முதலாளி வாசல் வழியாக அம்பாரத்தைப் பார்த்தார். வெள்ளை மேல் மழை பட்ட இடமெல்லாம் அம்மைத் தழும்பு மாதிரி குழி விழுந்துகொண்டிருந்தது. "ஓலைக் கொட்டகை ஒண்ணு போட்டுத் தாரேன், போதுமா?" என்றார் அவள் பக்கம் திரும்பாமல்.

சந்தனமாரி தலையை ஆட்டினாள், இல்லை என்று ஆட்டினாள். ஆட்டியது அவளுக்கே பயமாக இருந்தது.

"ஓலை பறந்துரும்" என்றாள். சொந்தக் குரல் வெளியே கேட்டதும் ஒரு கத்தரிக்காயை எடுத்துக்கொண்டாள். "அளத்துக் காத்துல ஓலை நிக்காது. கல்லு வச்சுக் கட்டணும்."

"கல்லு வச்சா கட்டடம். அனுமதிக்கு நான் எந்தக் கோட்டைக்குப் போக?" என்றார் முதலாளி.

எல்லோரும் ஆபீசரைப் பார்த்தார்கள். அவர் பையிலிருந்து மாத்திரையை எடுத்தார், வாயில் போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டார். "அனுமதி நான் தர்றேன்" என்றார். "நாளைக்கு யார் வந்தாலும் சரி, கேட்டா திருஞானம்தான் கொடுத்தான்னு சொல்லுங்க. என்னை எங்க வேணா மாத்தட்டும்." பேனாவைத் திறந்தார். "இதைக் காட்டி நிரந்தரம்னு கேக்க மாட்டோம்னு சங்கமும் ஒரு வரி கொடுத்துடணும்."

"கொடுக்கேன்" என்றார் அண்ணாச்சி, பல்லைக் கடித்துக்கொண்டு.

முதலாளி மழையையும் பேனாவையும் மாறி மாறிப் பார்த்தார். "எழுதுங்க" என்றார்.

அன்னபாக்கியம் நெரிசலில் அழுத பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளித்தாழ்வாரத்துக்குப் போனாள். உள்ளே ஆபீசர் எழுதினார், மற்ற இருவரும் கையெழுத்துப் போட்டார்கள், ஆனால் எழுந்து பார்க்க ஒருவருக்கும் துணிச்சல் இல்லை, இந்தத் தடவையும் விடாவிட்டால் வாசலில் என்ன நடக்கும் என்று மூன்று பேருக்கும் தெரியும். ஒருவர் முழங்காலை ஒருவர் பார்த்துக்கொண்டு அசையாமல் இருந்தார்கள்.

"எங்க கட்டணும்னும் சொல்லிடும்மா" என்றார் ஆபீசர், நேரத்தைக் கடத்துவது போல.

"லாரித் தடத்துக்குத் தள்ளி, பெரிய வரப்பு மேட்டுல" என்றாள் சந்தனமாரி. தொண்டை திறந்துகொண்டது, சொல் தானாக வந்தது, கையும் கத்தரிக்காயை நாலாக வகுக்கத் தொடங்கிவிட்டது. "வாசல் பாத்தியப் பாத்து இருக்கணும் சார், நாங்க நிமிந்தா தொட்டில் தெரியணும். வாசல்ல ஒரு தடுப்பு வைக்கணும், தவழுற பிள்ள வெளிய வந்துரும். பெறவு, பால் குடுக்க வாரப்ப கணக்குப்பிள்ள வந்து எட்டிப் பாக்கப்பிடாது, அதோட…"

"ஏட்டி சந்தனமாரி!" வெளியிலிருந்து அன்னபாக்கியம், நடந்ததெல்லாம் மறந்துபோய், வழக்கம்போலக் கூப்பிட்டாள். "உம்மவ பசியில எங் காதப் பிடிச்சுக் கடிக்கா, வந்து தூக்குட்டி!"

"இந்தா வாரேன், மைனி" என்று சொல்லிவிட்டு, மிச்சத்தைத் திரும்பி வந்து சொல்லலாம் என்ற நினைப்பில், கத்தரிக்காய்த் தண்ணீர்க் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே அவள் வாசலைப் பார்த்து நடக்க, கூட்டம் இரண்டாக விலகியது, மேசையைச் சுற்றியிருந்த மூன்று பேரும் அவள் காலையே பார்த்தார்கள், பிறகு காலியாகக் கிடந்த பலகையைப் பார்த்தார்கள், பிறகு முதலாளி மெள்ள, மிக மெள்ள, இரண்டு கையையும் மேசைமேல் ஊன்றி எழத் தொடங்கினார்.